சேஸிஸ் நம்பரை நான் அழித்த கதை

மெயின்டனன்ஸ் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு,

உங்கள் மேனேஜர் போன வாரம் எனக்குப் போன் செய்தார். புதுசாக வந்தவர்களுக்கென்று ஒரு புத்தகம் போடுகிறார்களாம். பழைய ஆட்கள் ஆளுக்கொரு அனுபவம் எழுதித் தர வேண்டுமாம். "உங்களோட கம்ப்ரஸர் கதையை எழுதிக் குடுங்க சார், அதான் எல்லாருக்கும் பிடிக்கும்" என்றார்.

கம்ப்ரஸர் கதை உங்கள் காதுக்கும் வந்திருக்கும். பொங்கலன்று காலையில் கம்ப்ரஸர் நின்றுபோனதும், எல்லாரும் கையைப் பிசைந்துகொண்டு நிற்க, நான் மட்டும் காதை வைத்துக் கேட்டே எந்த வால்வு என்று சொன்னதும். நல்ல கதைதான். என் ரிட்டையர்மென்ட் விழாவில் மைக்கைப் பிடித்து நானே சொன்னேன். ஒவ்வொரு தடவை சொல்லும்போதும் அதில் என் பங்கு கொஞ்சம் கூடிக்கொண்டே போகிறது. முதல் தடவை சொன்னபோது அந்த வால்வைக் கண்டுபிடித்தது மூன்று பேர்.

இன்னொரு கதையும் உண்டு. பிளான்ட்டை நிறுத்திப் பராமரிப்புப் பார்த்த ஒரு ஷட்டவுனில், ஒப்பந்தத்துக்கு வந்த பெயின்டர் ஒருவன் பம்ப்பின் பெயர்ப்பலகை மேலேயே பெயின்ட் அடித்துவிட்டான். பெயர்ப்பலகைதான் ஒரு மெஷினுக்கு ரேஷன் கார்டு மாதிரி. மாடல், சைஸ், சீரியல் நம்பர் எல்லாம் அதில்தான் இருக்கும். அது மறைந்துபோனதால் ஸ்பேர் மாறி வந்து, மாட்டிய சீல் ஒழுகி, ஒரு யூனிட் ஒன்றரை நாள் நின்றது. அந்தப் பெயின்டரை நான் ஒரு மாதம் கேட்டுக்கு வெளியே நிறுத்தினேன். "முதலில் பெயர்ப்பலகைக்கு டேப், பிறகுதான் பிரஷ்" என்று அப்போது நான் சொன்ன வாசகத்தை உங்கள் பயிற்சி அறைச் சுவரில் இன்னும் ஒட்டி வைத்திருப்பதாகக் கேள்வி. மிக்க மகிழ்ச்சி.

இந்த இரண்டு கதையும் வேண்டாம். நான் ஒரு மோட்டார் சைக்கிளைப் பிரித்த கதையைச் சொல்கிறேன். மோட்டார் சைக்கிளுக்கும் நம் வேலைக்கும் என்ன சம்பந்தம் என்று மேனேஜர் கேட்டால், கடைசி வரைக்கும் படிக்கச் சொல்லுங்கள்.

ரிட்டையர் ஆன முதல் மாதம் திருவொற்றியூரில் என் வீட்டு வாசலில் உட்கார்ந்து கன்டெய்னர் லாரிகளை எண்ணினேன். இரண்டாவது மாதம் மிக்ஸியைப் பிரித்தேன். மூன்றாவது மாதம் நன்றாகச் சுற்றிக்கொண்டிருந்த மின்விசிறியைப் பிரித்தேன். என் மனைவி எதிர் வீட்டுக்காரர்களிடம், உங்கள் வீட்டில் ஏதாவது கெட்டுப்போய் இருந்தால் தயவுசெய்து கொடுங்கள் என்று கேட்கும் நிலைமைக்கு வந்துவிட்டாள்.

அந்த நேரத்தில்தான் ஜமீலா மேடத்தின் போன் வந்தது.

நீங்கள் ஜமீலா மேடத்தைப் பார்த்திருக்க மாட்டீர்கள். உங்கள் நல்ல நேரம். இருபத்தெட்டு வருஷம் நம் கம்பெனி ஸ்டோருக்குப் பொறுப்பாக இருந்தவர். ஒரு வாஷர் வேண்டுமென்றாலும் ஸ்லிப் வேண்டும், ஸ்லிப்பில் ஃபோர்மேன் கையெழுத்து வேண்டும், பழைய வாஷரைத் திருப்பிக் கொடுத்தால்தான் புது வாஷர் கைக்கு வரும். பிளான்ட்டே பற்றி எரிந்தால் கூட, தீயணைக்கும் குழாய்க்கு ஸ்லிப் கேட்பார் என்று நாங்கள் பேசிச் சிரிப்போம். அவர் காதில் விழாத தூரத்தில்.

அவருடைய வீட்டுக்காரர் ஹார்பரில் வேலை பார்த்தவர், தவறி நாலு வருஷம் ஆகிறது. அவர் ஓட்டிய பழைய மோட்டார் சைக்கிள் தண்டையார்பேட்டை வீட்டு நடையில் தார்ப்பாய் மூடி நின்றது. வண்டியின் பேரைச் சொல்ல மாட்டேன், சொன்னால் அதன் ரசிகர்கள் சண்டைக்கு வருவார்கள். கனமான வண்டி, மெதுவாக வெடிக்கும் சத்தம், அவ்வளவு போதும். மகள் ஷமீம் எண்ணூர்ப் பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டில் வேலை பார்க்கிறாள். ஷேர் ஆட்டோவும் பஸ்ஸுமாக மாறி மாறிப் போய் அலுத்துவிட்டது அவளுக்கு. அப்பா வண்டியை நான் ஓட்டுகிறேன் என்று பிடிவாதம். ஆனால் ஆர்சி ரினியூவல் செய்ய வேண்டிய நாள் நெருங்கிவிட்டது. பிரேக் இன்ஸ்பெக்டர் முன்னால் வண்டி ஓடிக் காட்ட வேண்டும், இல்லையென்றால் பழைய இரும்புதான்.

"நல்ல மெக்கானிக்கா ஒருத்தர் இருந்தா சொல்லுங்க ஃபோர்மேன் சார்" என்றார்.

"மெக்கானிக் எதுக்கு மேடம்? நான் இல்ல?"

"இதுக்கு முன்னாடி மோட்டார் சைக்கிள் பிரிச்சிகிறீங்களா?"

"நான் பிரிக்காத மெஷினா மேடம்?"

"நான் கேட்டது மோட்டார் சைக்கிளு" என்றார்.

வண்டியை எடுக்கப் போனபோது ஒரு தாளை நீட்டினார். கோடு போட்டு, வரிசை எண் போட்டு, அவருடைய அந்த நேரான கையெழுத்தில்: வண்டி ஒன்று, டூல் கிட் ஒன்று, கண்ணாடி இரண்டு, அதில் ஒன்று விரிசல். கீழே "பெற்றுக்கொண்டவர்" என்று எனக்கு ஒரு இடம், "திரும்பப் பெற்றவர்" என்று அவருக்கு ஒரு இடம். கையெழுத்துப் போட்டேன். வண்டியைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தபோது, "அவுரு இத்த எட்த்துகினு போனா சாயங்காலம் கரீட்டா வூட்டுக்கு வந்துடும். நீங்களும் அப்டியே கொண்டாந்து வுடுங்க" என்றார். அந்தக் குரல் ஸ்டோர்க் குரல் இல்லை.

யூடியூபில் மூன்று வீடியோ பார்த்தேன். கறுப்புக் கையுறை போட்ட ஒரு பையன், பின்னால் வயலின் இசையோடு, பன்னிரண்டு நிமிஷத்தில் ஒரு முழு வண்டியைப் பிரித்து, மேஜையில் கோலம் மாதிரி அடுக்கிவிட்டான். பன்னிரண்டு நிமிஷம்தானே என்று நானும் ஸ்பேனரை எடுத்தேன். முதல் போல்ட்டு கழன்று வர முக்கால் நாள் ஆனது.

கடல் காற்று ஒரு பக்கம். அதோடு, அந்த மனிதர் வண்டிக்கு அடித்திருந்தது கப்பல் பெயின்ட். ஹார்பர்க்காரர் இல்லையா? சாம்பல் நிறத்தில், பிரஷ்ஷால், கோட்டிங் மேல் கோட்டிங். போல்ட்டு எது, சேஸிஸ் எது என்று தெரியாமல் எல்லாம் ஒரே வார்ப்பாக இருந்தது. ஆறாயிரம் மைல் கடலில் போயிருந்தாலும் அந்த வண்டி துருப்பிடித்திருக்காது. மண்ணெண்ணெய் ஊற்றி, சூடு காட்டி, சுத்தியலால் தட்டி, கடைசியில் கெட்ட வார்த்தை சொல்லித்தான் ஒவ்வொன்றாக வந்தது. தலையில்லாத போல்ட்டான ஸ்டட் இரண்டு உள்ளேயே முறிந்தது. "அப்பவே பாதி முறிஞ்சிருந்தது" என்று மனைவியிடம் சொன்னேன், அவள் கேட்காமலேயே.

ஷட்டவுனில் ஒவ்வொரு போல்ட்டுக்கும் டேக் கட்டு, எந்தத் துளையில் இருந்து வந்தது என்று எழுது, கழற்றிய நட்டை அதே போல்ட்டில் போட்டு வை என்று உங்கள் சீனியர்களின் உயிரை எடுத்தவன் நான். வீட்டில் என்ன செய்தேன் தெரியுமா? ஒரு காலி பெயின்ட் வாளியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, கழற்றியதையெல்லாம் அதில் போட்டேன். இத்தனூண்டு வண்டி, மண்டையில் இருக்கும் என்று நினைப்பு. மூன்றாம் நாள் வாளி நிறைந்தது. மண்டையில் ஒன்றும் இல்லை.

நான்காம் நாள் ஹேண்டில்பாரையும் முன் ஃபோர்க்கையும் கழற்றினேன். அந்தக் காலத்து வண்டிகளில் சேஸிஸ் கழுத்துக்குள் பால்ரஸ் குண்டுகள் தனித்தனியாக இருக்கும் என்று வீடியோப் பையன் சொல்லியிருக்கக்கூடும், வயலின் சத்தத்தில் எனக்குக் கேட்கவில்லை. ஃபோர்க்கைக் கீழே இழுத்ததும் முப்பது நாற்பது குண்டு மழை மாதிரிக் கொட்டி, வீட்டோரத்து ஷெட் முழுக்க ஓடி, பாதி சாக்கடைத் துளையில் இறங்கிவிட்டது. மனைவி வாசலில் வந்து நின்று பார்த்தாள்.

"இன்னா, வூட்லயும் ஷட்டவுன் எட்த்துட்டியா? திரும்ப எப்ப ஸ்டார்ட்டப்பு?"

தரையில் குனிந்து குண்டு பொறுக்கினேன்.

எல்லாவற்றையும் கழற்றிய பிறகு வெறும் சேஸிஸ் மட்டும் மிஞ்சியது. கப்பல் பெயின்ட்டைச் சுரண்ட என்னால் முடியவில்லை. சாத்தாங்காட்டில் இரும்பு மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு பிளாஸ்டிங் யார்டு இருப்பதாகச் சொன்னார்கள். காற்றழுத்தத்தில் உலோகப் பொடியை வீசி இரும்பை வெள்ளை வெளேரென்று ஆக்கிக் கொடுப்பார்கள். டேங்க் தகடு, கப்பல் தகடு எல்லாம் அங்கேதான் வரும். குட்டி யானை வண்டியில் சேஸிஸை ஏற்றிக்கொண்டு போனேன்.

யார்டு முதலாளி முகமூடியைக் கழற்றியபோதுதான் ஆள் யார் என்று தெரிந்தது. தனசேகர். பம்ப்பின் பெயர்ப்பலகை மேல் பெயின்ட் அடித்த அதே பெயின்டர். பத்தொன்பது வருஷத்துக்குப் பிறகு சொந்தமாக யார்டு, ஏழெட்டு ஆட்கள், கொஞ்சம் தொப்பை.

"சார்! வாங்க சார்" என்றான். பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைத்துப் போட்டான். டீ சொல்லி அனுப்பினான். பழையதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருந்தால் எனக்குக் கொஞ்சம் சௌகரியமாக இருந்திருக்கும்.

சேஸிஸைச் சுற்றி வந்து பார்த்துவிட்டுக் கேட்டான்: "நம்பரு எந்த எடத்துல கீது சார்? ஒரே பெயின்ட்டா கீது, தெர்ல. சொன்னீங்கன்னா அங்க மட்டும் டேப்பு சுத்திட்டு அடிக்கிறேன்."

பிள்ளைகளே, இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். எனக்கு அந்த நம்பர் எங்கே இருக்கிறது என்று தெரியாது. தேடவும் இல்லை. "தெரியல தனசேகர், வண்டிக்காரங்களைக் கேட்டுச் சொல்றேன்" என்று ஒரு போன் போட்டால் முடிந்தது. ஜமீலா மேடம் அரை நிமிஷத்தில் சொல்லியிருப்பார். ஆனால் கேட்டது யார்? நான் கேட்டுக்கு வெளியே நிறுத்திய ஆள். எதைப் பற்றிக் கேட்கிறான்? பெயர்ப்பலகைக்கு டேப் ஒட்டுவதைப் பற்றி, எனக்கே. என் காது சூடாகிவிட்டது.

"இந்த மாடல்ல நம்பர் இன்ஜின்ல மட்டும்தான் இருக்கும். சேஸிஸ்ல கிடையாது. முழுசா அடி" என்றேன்.

"கண்டிப்பா தானே சார்?"

"முப்பத்திநாலு வருஷம் இதுலதான்யா இருந்தேன்."

எதில் இருந்தேன் என்று அவனும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

மறுநாள் சேஸிஸ் வெள்ளியாக மின்னியது. வீட்டில் வைத்துத் தடவித் தடவிப் பார்த்தேன். கழுத்துப் பக்கம் வலது புறத்தில் மட்டும் மங்கலாகச் சில குழிகள், கீறல்கள் தெரிந்தன. துரு தின்ற இடம் என்று நினைத்தேன். நினைத்தேன் என்று சொல்வது எனக்கு நானே தரும் சலுகை. துருக் குழிகள் சம இடைவெளியில், ஒரே நேர்கோட்டில், ஒரே உயரத்தில் வரிசையாக நிற்குமா என்று என் கண் கேட்டது. கை கேட்கவில்லை. அது ஏற்கெனவே கிரைண்டரின் சுவிட்சைப் போட்டுவிட்டது. பத்து நிமிஷத்தில் கண்ணாடி மாதிரிச் சமம் செய்தேன். என் வாழ்க்கையிலேயே நான் செய்த மிகச் சுத்தமான கிரைண்டிங் அதுதான்.

அதன் பிறகு வாளியோடு நடந்த ஆறு வாரச் சண்டையைச் சொல்லி உங்களைப் படுத்தமாட்டேன். வண்டி ஓடியது. கடைசியில் பக்கத்துத் தெரு மெக்கானிக் வந்து இன்ஜின் டைமிங் வைத்துக் கொடுத்தார் என்பதையும், வாளியில் பதினோரு போல்ட்டு மிச்சம் இருந்தது என்பதையும் இப்போதுதான் முதல் முறையாக வெளியே சொல்கிறேன். கறுப்பு பெயின்ட், மஞ்சள் கோடு. ஷமீம் வந்து ஒரே உதையில் ஸ்டார்ட் செய்து, தெருக்கோடி வரை போய்த் திரும்பினாள். ஜமீலா மேடம் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"சோக்கா கீது ஃபோர்மேன் சார். அவுரு பார்த்திருக்கணும்."

"அப்போ அந்தத் தாள்ல கையெழுத்துப் போட்டுருங்க மேடம்."

"ரினியூவல் முடியட்டும்" என்றார்.

ரினியூவல் அன்று ஆர்டிஓ மைதானத்தில் வரிசையில் நின்றோம். பிரேக் இன்ஸ்பெக்டர் நடுத்தர வயதுக்காரர், யாரிடமும் கத்தாத மனிதர். லைட், ஹார்ன், பிரேக் எல்லாம் பார்த்தார். தலையசைத்தார். பிறகு ஒரு சின்னத் தாளும் பென்சிலும் எடுத்துக்கொண்டு குனிந்தார்.

"சேஸிஸ் நம்பர் எங்கம்மா இருக்கு?"

நான் வாயைத் திறப்பதற்குள் ஜமீலா மேடம் முன்னால் வந்துவிட்டார். "ஹேண்டிலுக்குக் கீழ, கழுத்துல, வலது பக்கம் சார். பேப்பர் வெச்சுப் பென்சில் தேச்சா தெரியும். போன தபா அவுரே தேச்சுக் குடுத்தாரு, காப்பி வெச்சிகிறேன்." ஃபைலைத் திறந்து ஒரு பழுப்புத் தாளைக் காட்டினார். பென்சில் தேய்ப்பில் எழுத்தும் எண்ணுமாக ஒரு வரிசை. நடுவில் ஒரு நாலு மட்டும் கொஞ்சம் சாய்ந்து நின்றது.

சம இடைவெளியில். ஒரே நேர்கோட்டில்.

இன்ஸ்பெக்டர் தாளை வைத்துத் தேய்த்தார். ஒன்றும் வரவில்லை. சாவி முனையால் பெயின்ட்டைக் கொஞ்சம் சுரண்டினார். விரலால் தடவினார். நிமிர்ந்தபோது அவர் முகம் வேறாக இருந்தது.

"இது கிரைண்டர் போட்டு அழிச்சது. யாரு வண்டிம்மா இது?"

"என் வூட்டுக்காரர் வண்டி சார்."

"அவர் எங்க?"

"மௌத்தாயிட்டாரு."

வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். "திருட்டு வண்டி போலகீது" என்று ஒருவன் சொன்னது எங்கள் எல்லாருக்கும் கேட்டது. எங்கள் பக்கத்தில் சேஸிஸ் நம்பருக்கு கிரைண்டர் போடுபவர்கள் யார் என்று ஊருக்கே தெரியும். இருபத்தெட்டு வருஷத்தில் ஒரு வாஷரை ஸ்லிப் இல்லாமல் வெளியே விடாத பெண்மணி அந்த வெயிலில், அத்தனை பேர் முன்னால், ஃபைலை மார்போடு பிடித்துக்கொண்டு நின்றார். எனக்கு அங்கேயே செத்துவிடலாம் போல் இருந்தது. மெதுவாக என் பக்கம் திரும்பினார்.

"ஃபோர்மேன். இன்னா பண்ணே?"

"சார்" போய்விட்டது. "நீங்க"வும் போய்விட்டது.

இன்ஸ்பெக்டர் நியாயமான மனிதர். வண்டி இங்கேயே நிற்கட்டும் என்றார். யார், எங்கே, எப்படி அழித்தார்கள் என்று எழுதிக் கொடுங்கள், அதை வைத்துத்தான் ஸ்டேஷனுக்கு அனுப்ப வேண்டும், அவர்கள் சோதித்து இது அதே வண்டிதான் என்று சொன்னால் மறுபடி நம்பர் குத்த வழி உண்டு, இல்லையென்றால் வண்டி கிடையாது என்றார். ஷமீம் ஒரு ஓரமாகப் போய் நின்று எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தாள்.

வெளியே டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து எழுதினேன். ரிப்போர்ட் எழுதுவது எனக்குக் கைவந்த கலை. ஐந்தே நிமிஷம்: "மேற்படி வாகனத்தின் சேஸிஸ் எண் தனியார் யார்டில் நடைபெற்ற பிளாஸ்டிங் பணியின்போது அழிந்திருப்பது கண்டறியப்பட்டது."

நம் பிரிவின் ரிப்போர்ட்டுகளைப் படித்துப் பாருங்கள். போல்ட்டு தானாக முறியும். வால்வு தானாகத் திறந்திருக்கும். நாம் வெறுமனே அங்கே போய்க் கண்டறிவோம். அப்படியே ஒரு ஆள் தேவைப்பட்டாலும், அவன் ஒப்பந்தத் தொழிலாளியாக இருப்பான்.

ஜமீலா மேடம் அதை வாங்கிப் படித்தார்.

"யாரு யார்டு?"

"தனசேகர். அந்தப் பெயின்டர்."

"அப்ப போலீஸு அவன்கிட்டத்தான் போவும்."

"சும்மா விசாரிச்சுட்டு விட்டுருவாங்க மேடம்."

"நம்பரு அழிக்கிற யார்டுன்னு சாத்தாங்காட்டுல ஒரு பேச்சு வந்தா போதும், மறுநா எவன் இரும்பு கொண்டாருவான்? அவன் பூட்டிட்டுத்தான் போவணும்." தாளை மடித்து என் மடியில் வைத்தார். "பம்ப்பு மேட்டர்லயும் இப்டித்தான் எழ்துனே."

மடித்த தாளை நான் மறுபடி பிரித்தேன்.

"அன்னிக்கு அவன் மாஸ்கிங் டேப்பு கேட்டு ஸ்டோருக்கு வந்தான். ஸ்லிப்புல பெயின்ட்டு மட்டும்தான் இருந்துச்சு, டேப்பு இல்ல. ஸ்லிப்பு எழ்திகினு வான்னு திருப்பி அனுப்புனேன். உன்கிட்டதான வந்தான்?"

என்னிடம்தான் வந்தான். மறுநாள் பெரிய அதிகாரி சுற்றிப் பார்க்க வருவதாக இருந்தது. "டேப்புக்கெல்லாம் நேரம் இல்ல, அப்படியே அடி" என்று சொன்னேன். எத்தனையோ மறந்துவிட்டேன், அதை மறக்கவில்லை. சுவரில் இருக்கும் அந்த டேப் வாசகம் அவனைக் கேட்டுக்கு வெளியே அனுப்பிய பிறகு நான் யோசித்துக் கண்டுபிடித்தது.

"எனக்குத் தெரியும்" என்றார் மேடம். "ஒரு ரோல் டேப்ப நான் தூக்கிக் குடுத்திருக்கலாம். ரிப்போர்ட்டு காப்பி வந்தப்பவாவது வாயத் தொறந்திருக்கலாம். ரூல்ஸு ரூல்ஸுன்னு உக்காந்துகினு இருந்தேன். அவன் ஒரு மாசம் சோத்துக்கு இன்னா பண்ணான்னு எனக்குத் தெரியாது." ஃபைல் கயிற்றை இறுக்கிக் கட்டினார். "என் வூட்டுக்காரர் வண்டி போனாலும் போவட்டும். இந்தத் தாளுல நான் நிக்க மாட்டேன்."

வேறு தாள் எடுத்தேன். இந்த முறை ஒன்றரை மணி நேரம் ஆனது, மொத்தமே ஏழு வரிதான்.

"இந்த வண்டியின் சேஸிஸ் நம்பரை நான் அழித்தேன். நம்பர் எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. பிளாஸ்டிங் செய்த தனசேகர் அவர்கள் நம்பருக்கு டேப் சுற்றட்டுமா என்று கேட்டார். தெரியாது என்று சொல்ல வெட்கப்பட்டு, சேஸிஸில் நம்பர் கிடையாது என்று பொய் சொன்னேன். பிறகு மிச்சம் தெரிந்த நம்பரை என் வீட்டில் என் கையால் கிரைண்டர் வைத்துத் தேய்த்தேன். வண்டியின் சொந்தக்காரருக்கு இதில் ஒன்றும் தெரியாது. தவறு முழுவதும் என்னுடையது."

இன்ஸ்பெக்டர் இரண்டு முறை படித்தார். "என் சர்வீஸ்ல இந்த மாதிரி லெட்டர் பாத்ததில்ல சார். எல்லாரும் தானா அழிஞ்சுபோச்சுன்னுதான் எழுதுவாங்க" என்றார். பாராட்டா கிண்டலா என்று இன்று வரை தெரியவில்லை.

ஸ்டேஷனில் மூன்று முறை பெஞ்சில் உட்கார்ந்தேன். கிரைண்டரைக் கொண்டு வரச் சொன்னார்கள். கொண்டு போனேன். "இதானா அது?" என்று ஒவ்வொருவராக வந்து பார்த்தார்கள். யார்டுப் பக்கம் யாரும் போகவில்லை. சோதனைக்கூடத்தில் தேய்த்த இடத்தில் ஏதோ ஆசிட் வைத்துப் பார்த்ததில், அடியில் மூன்று எண்கள் மங்கலாக எழும்பி வந்தனவாம். அதில் ஒன்று அந்தச் சாய்ந்த நாலு. ஜமீலா மேடத்தின் பழுப்புத் தாளோடு வைத்துப் பார்த்து, அதே வண்டிதான் என்று எழுதிக் கொடுத்தார்கள். புது நம்பர் குத்தி, ரினியூவல் முடிய மூன்று மாதம் ஆனது. அத்தனை நாளும் ஷமீம் ஷேர் ஆட்டோவில்தான் போனாள்.

வண்டியை எடுத்தபோது எழுதிய அந்தக் கோடு போட்ட தாளில் ஜமீலா மேடம் கையெழுத்துப் போட்டார். குறிப்பு என்ற இடத்தில், "நம்பர் புதுசு. கண்ணாடி இரண்டும் சரி" என்று எழுதினார். என் ஏழு வரிக் கடிதத்தின் ஜெராக்ஸை ஆர்சி உறையிலேயே வைத்துவிட்டார். எண்ணூர் ரோட்டில் வண்டியை நிறுத்தி, நம்பர் ஏன் புதுசாக இருக்கிறது என்று கேட்கும் ஒவ்வொரு போலீஸ்காரருக்கும் ஷமீம் அதை எடுத்துக் காட்டுகிறாள். போன மாதம் டோல்கேட் பக்கம் ஒரு ஏட்டு என் பேரைக் கேட்டுவிட்டு, "ஓ, அந்த கிரைண்டர் நீதானா?" என்றார். கம்ப்ரஸர் கதையால் கூட எனக்கு இவ்வளவு பேர் கிடைக்கவில்லை.

ஒரு ஜெராக்ஸை எடுத்துக்கொண்டு சாத்தாங்காட்டுக்கும் போனேன். தனசேகர் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கி, நின்றபடியே படித்தான். தன் பேர் வரும் வரியில் விரலை வைத்து நிறுத்தி, மறுபடி முதலில் இருந்து படித்தான். பிறகு மடித்துச் சட்டைப் பையில் வைத்தான்.

"பம்ப்புக்கும் இதே மாதிரி ஒண்ணு எழ்தித் தர்றியா சார்?" என்றான்.

இதோ எழுதிவிட்டேன். பம்ப்பின் பெயர்ப்பலகை மேல் பெயின்ட் அடித்தவர் தனசேகர். டேப் வேண்டும் என்று கேட்டவரும் அவர்தான். ஸ்லிப் எழுதித் தராமல், அப்படியே அடி என்று சொன்னவன் நான். ஒப்பந்தத் தொழிலாளியின் கவனக்குறைவு என்று பொய் ரிப்போர்ட் எழுதி, அவரை ஒரு மாதம் கேட்டுக்கு வெளியே நிறுத்தியவனும் நான். அந்தப் பழைய ரிப்போர்ட் உங்கள் அலமாரியில் இருக்கும். தேடி எடுத்து, இந்தப் பக்கத்தை அதோடு சேர்த்துத் தையுங்கள். சுவரில் இருக்கும் என் வாசகத்தைக் கிழிக்க வேண்டாம், வாசகம் சரிதான். அதன் கீழே அவர் பேரைப் போடுங்கள்.

புத்தகம் அச்சாகி வந்ததும் எனக்கு இரண்டு பிரதி வேண்டும். ஒன்று ஜமீலா மேடத்தின் ஃபைலுக்கு. இன்னொன்றை சாத்தாங்காட்டுக்கு எடுத்துக்கொண்டு போக வேண்டும், தனசேகர் கேட்டிருக்கிறார்.